ஆறரை பஸ்ஸும் ஏழாவது குடமும்

நம் பள்ளிக்கூட குரூப்பில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டாள். மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு, மூடுபனி, ஓரத்தில் ஒரு பழைய பஸ். கீழே "திரும்பி வராத பொற்காலம்" என்று எழுதி நாலு கும்பிடு வேறு. நீங்களும் சளைக்காமல் இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளினீர்கள். எல்லோருமாக ஒரு வேன் பிடித்து அந்தப் பாதையில் ஒருமுறை ஏறி இறங்கி வருவது என்று முடிவும் ஆகிவிட்டது. நான் ஒன்றும் போடவில்லை. "இன்னா, நீ உயிரோடதான் கீறியா?" என்று கேட்டான், வகுப்பில் நாம் கடலைமிட்டாய்க்காரன் என்று கூப்பிட்டவன்.

இருக்கிறேன். வேனுக்கும் வருகிறேன். ஆனால் பொற்காலம் கிற்காலம் என்று என் காதுபடப் பேசினால் நடுவழியில் இறங்கிக்கொள்வேன். தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். பொய் முகவரியைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவேன். இந்தப் பொற்காலம் அப்படி ஒரு முகவரி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் ஆறரைக்கு ஒரு பஸ். சாயந்திரம் நாலே காலுக்கு அதே பஸ். அதை விட்டால் ஜவ்வாது மலையிலிருந்து கீழே இறங்கவும் நாதியில்லை, மேலே ஏறவும் நாதியில்லை. பள்ளிக்கூடம் கீழே டவுனில். மாசி பங்குனியில் புளி உலுக்கும் காலம் வந்துவிட்டால் பஸ்ஸுக்குள் மனுஷருக்கு இடமில்லை. சீட்டெல்லாம் புளி மூட்டை. நம் கண்டக்டர் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? "மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுக்கிறேன், அது ஒக்காந்து வரும். நீங்க பாஸு, நின்னுக்கினு வாங்க." அவர் அதைச் சிரிக்காமல் சொல்வார். நாமும் நின்றுகொண்டு வந்தோம், ஒன்றரை மணி நேரம், பதினேழு வளைவு.

டீசல் நாற்றம், பீடிப் புகை, முன்சீட்டில் வாந்தி எடுக்கும் கைக்குழந்தை, மழை நாளில் ஜன்னலுக்கு இறக்கிவிடும் ரெக்சின் படுதாவின் பூஞ்சை வாடை. இதெல்லாம் உங்கள் படத்தில் வராது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு செட் யூனிஃபாரம்: நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. மூட்டைமேல் சாய்ந்தால் தாவணியில் புளி ஒட்டிக்கொள்ளும். எச்சில் தொட்டுத் துடைத்தால் பழுப்பாகப் பரவும். வகுப்பில் நுழைந்ததும் டீச்சர் மூக்கைச் சுளித்து, "ரசம் வந்துடுச்சு" என்பார். டவுன் பிள்ளைகள் சிரிக்கும். பஸ் டயர் பஞ்சராகி நாம் தாமதமாக வந்தால் வெளியே நிற்க வைத்துவிட்டு, "மலையில இருந்து வர்றதுங்களுக்கு நேரம்னா என்னன்னே தெரியாது" என்பார். விடிவதற்கு முன்னால் எழுந்து, இருட்டில் கூழ் குடித்துவிட்டு, பனியில் நின்றுகொண்டிருந்த நம்மைப் பார்த்து அதைச் சொன்னார். அப்போது தலை குனிந்து நின்றேன். இப்போது என்றால் கேட்டிருப்பேன்.

சரி, நான் சொல்ல வந்தது அந்தப் பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தை. நீங்கள் எல்லோரும் அதே பஸ்ஸில்தான் இருந்தீர்கள். ஆனால் நான் இறங்கிய இடத்துக்கு அப்பால் என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. நானும் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பங்குனியில் அம்மன் திருவிழா. காப்பு கட்டினால் எட்டு நாள். காப்பு கட்டும் நேரத்தில் யார் யார் ஊர் எல்லைக்குள் இருக்கிறார்களோ, அவர்களை அந்தக் கட்டு பிடித்துக்கொள்ளும். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சாயந்திரம் அம்மன் பந்தலில் விளக்கு ஏற்றுவதற்குள் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். ஒருத்தர் தவறினாலும் கட்டு உடைந்தது என்று திருவிழாவை நிறுத்திவிடுவார்கள். தவறியவர் வீட்டோடு ஊருக்குப் பேச்சில்லை, தண்ணீர் இல்லை, நெருப்பில்லை. காப்பு கட்டும்போது வெளியூரில் இருந்தவர்களை மட்டும் கட்டு ஒன்றும் செய்யாது. அவர்கள் இஷ்டப்படி வரலாம், போகலாம்.

அந்த வருஷம் காப்புக்கும் பரீட்சைக்கும் ஒரே வாரம் அமைந்தது. அப்பா குடகில் காப்பித் தோட்டத்தில் இருந்தார், திருவிழாவுக்கும் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். காப்பு கட்டும் அன்று நான் ஊரிலேயே இருக்கக் கூடாது. கீழே ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு பரீட்சை முழுவதையும் எழுதிவிட்டு வர வேண்டும். ரசம் என்று சொன்ன அதே டீச்சர்தான் ஹாஸ்டலில் சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு அது நல்ல மனசில் செய்த உதவி. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வஞ்சம் என்பீர்கள்.

அன்று மத்தியானம் பையும் பாயுமாக ஹாஸ்டலில் போய் நின்றேன். வார்டனம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"மலையா? இப்படி வா, தலையைக் காட்டு."

முற்றத்தில் உட்கார வைத்து, கீழே ஒரு செய்தித்தாளை விரித்து, பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுற்றி நின்று பார்க்க, என் பின்னலைப் பிரித்து ஈர்க்கொல்லிச் சீப்பால் வாரினார். ஒரு பேன் விழவில்லை. மறுபடியும் வாரினார். அப்போதும் இல்லை. "இல்லாம இருக்காது" என்று சொல்லி, என் பாயைக் குளியலறை வாசலில் தனியாகப் போடச் சொன்னார்.

பேன் இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இல்லாத பேனுக்குத் தனிப் பாயா? எனக்கு அந்த வயசில் கோபம் மூக்குமேல் இருக்கும், இப்போதும் அப்படித்தான். பையை எடுத்துக்கொண்டு, பாயை அங்கேயே போட்டுவிட்டு, பின்னலைக்கூடத் திரும்பப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். நாலே கால் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

"இன்னா பாப்பா, ஆஸ்டல்ல சேந்துக்கினேன்னாங்க?" என்றார் கண்டக்டர்.

"சேரல."

"ஏன்?"

"புடிக்கல."

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உடுக்கைச் சத்தம் கேட்டது. எனக்குப் பரீட்சையும் நினைவில்லை, காப்பும் நினைவில்லை. எல்லைக்கல்லைத் தாண்டி விறுவிறு என்று பந்தலுக்கு நடந்தேன். பூசாரி மஞ்சள் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது. அவள் வாயைத் திறப்பதற்குள் கயிறு முடிச்சாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதுகில் இரண்டு வைத்தாள். "ஏண்டி வந்த? வந்ததுதான் வந்த, கல்லுக்கு அந்தாண்ட ஒரு நாழி ஒக்காந்துட்டு வந்திருக்கக் கூடாதா? உன்ன எவன் கேட்டிருப்பான்?"

அதுதான் உண்மை. கல்லுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், கட்டு என்னைத் தொட்டிருக்காது. எட்டு நாளும் இஷ்டப்படி வந்து போயிருக்கலாம். எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நான் கோட்டைவிட்டேன்.

மறுநாள் காலையில் பந்தலில் கூடினார்கள். நாட்டார் நடுவில் உட்கார்ந்திருந்தார். நாட்டார் என்றால் எங்கள் ஊருக்குத் தலைவர், முறையில் எனக்குப் பெரியப்பா. ஒல்லியான மனுஷர், அதட்டிப் பேசவே மாட்டார், அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

"பொண்ணு போவ வாணாம். அடுத்த வருஷம் எழுதிக்கட்டும்" என்றார்.

அடுத்த வருஷம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளச் சொன்ன இரண்டு பெண்களுக்கும் அந்த ஆடி பிறப்பதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. ஒருத்தி கைக்குழந்தையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

பந்தல் பேச்சில் பொம்பளைகள் வாய் திறக்கும் வழக்கமில்லை. அம்மா திறந்தாள்.

"பகல்ல போவலாம்னுதான கட்டு? போய்ட்டு வெளக்கு ஏத்தறதுக்குள்ள வந்துடுவா."

"பஸ்ஸ நம்பி அம்மனுக்கு வாக்கு குடுக்கிறியா?"

"எம் பொண்ண நம்பிக் குடுக்கிறேன்."

"வரலன்னா?"

"வரலன்னா இந்த ஊர்ல எங்களுக்கு வூடு வாணாங்க. வூட்டுக்காரர் வந்ததும் மூட்டைய கட்டிக்கினு போய்ட்றோம்."

நாட்டார் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "நாலு பேரு கேட்டுக்கினீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

ஆக, அந்த எட்டு நாளும் நம் ஓட்டை பஸ்மேல் எங்கள் வீடு நின்றது. நீங்கள் தமிழ் முதல் தாளில் எந்தக் கேள்வி வந்தது என்று பேசிக்கொண்டு வந்தீர்கள். நான் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். மேட்டில் கியர் மாற்றும்போது ஒரு முக்கல் வரும் பாருங்கள், அப்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். பரீட்சை பன்னிரண்டரைக்கே முடிந்துவிடும். நாலே கால்வரை பஸ் ஸ்டாண்டு சிமென்ட் பெஞ்சில் காத்துக் கிடப்பேன். நம் வகுப்பு ரெட்டைப் பின்னல்காரி ஒருநாள் சினிமாவுக்குக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றதும், "ரொம்பத்தான் பண்ற" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருந்திருக்கலாம்டி நீ, எனக்கு அப்போது உன் கோபத்தைப் பார்க்க நேரமில்லை.

தமிழ் முடிந்தது, இங்கிலீஷ் முடிந்தது, கணக்கும் முடிந்தது. பஸ் ஒருநாளும் காலை வாரவில்லை. ஆறு மணிக்கு இறங்குவேன், கல்லைத் தாண்டுவேன், அம்மா பந்தல் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாள். ஆறரைக்கு மேல் விளக்கு ஏற்றுவார்கள். மிச்சம் அறிவியலும் வரலாறு புவியியலும்தான்.

அறிவியல் அன்று ஒன்பதாவது வளைவில் பஸ் நின்றது.

அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரேடியேட்டர் கொதித்து மூடியைத் திறந்ததும் புஸ் என்று அடித்த ஆவியில் டிரைவர் கையைச் சுட்டுக்கொண்டார். கண்டக்டர் குடத்தோடு ஓடைக்கு ஓடினார். நீங்கள் பாறைமேல் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தீர்கள்.

"எவ்ளோ நேரமாவும்ணா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"ஓஸ் பைப்பு கிழிஞ்சிட்சி பாப்பா. கீழ இருந்து ஆள் வரணும். ஒக்காரு, எங்க போயிடப் போற?"

மணி ஐந்து. நான் உட்காரவில்லை. புளி மூட்டையைத் தலையில் சுமந்து இறங்கிய காலத்து ஒத்தையடிப் பாதை ஒன்று அந்த வளைவுக்குப் பக்கத்தில் மேலே போகும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதில் ஏறினேன். "ஏய், எங்கடி போற, பைத்தியமா?" என்று ஒருத்தி கத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஏற்றத்தைப் பற்றி என்ன சொல்ல? வேர், கல், முள். செருப்பு வார் பாதியிலேயே அறுந்தது, இரண்டையும் வீசிவிட்டேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையையும் ஊன்றி ஏறினேன். அம்மாவை நினைத்தால் அழுகை வந்தது, அழுதால் மூச்சு வாங்குகிறது என்று அதையும் நிறுத்திக்கொண்டேன். பஸ்ஸைத் திட்டினேன், டிரைவரைத் திட்டினேன், வார்டனம்மாவை அவர் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். அம்மனையும் விடவில்லை. "ஒனக்கு வேற வாரமே கெடைக்கலியா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

பாதை எங்கள் ஊர்ச் சுனையில் போய் முடியும். சுனை எல்லைக்கல்லுக்கு வெளியே இருநூறு அடி கீழே இருக்கிறது. நான் சுனையை எட்டும்போது மேலே பந்தலில் மணி அடித்தது. விளக்கு ஏற்றும்போது அடிக்கும் மணி. சுனைக் கல்லில் உட்கார்ந்தேன். எங்கள் வீடு போய்விட்டது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை, இருமினேன், இருமிக்கொண்டே இருந்தேன்.

அப்போது மேலிருந்து பெண்கள் வந்தார்கள்.

விளக்கு ஏற்றியதும் ஏழு பெண்கள் சுனைக்கு வந்து குளித்துவிட்டு ஏழு குடம் தண்ணீர் எடுத்துப் போய் அம்மனுக்கு ஊற்ற வேண்டும். கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்ற கணக்கெல்லாம் கிடையாது. குடம் தலைக்கு ஏறிவிட்டால் அம்மன்முன் இறக்கும்வரை அவர்கள் பேசக் கூடாது, அவர்களிடமும் யாரும் பேசக் கூடாது, குறுக்கே நிற்கக் கூடாது. அன்று வந்தவர்கள் ஆறு பேர். ஒருத்தி தூரமாகி வீட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாளாம். அவளுடைய குடத்தையும் சேர்த்து இரண்டு குடத்தோடு முன்னால் வந்தவர் நாட்டார் பெண்சாதி, என் பெரியம்மா.

என்னைப் பார்த்ததும் நின்றார். என் கால் ரத்தத்தைப் பார்த்தார். பஸ் எங்கே, என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எய்ந்திரு. முங்கு" என்றார்.

"பெரியம்மா, வெளக்கு ஏத்திட்டாங்க..."

"எனக்குக் காது கேக்கும். முங்குடி."

யூனிஃபாரத்தோடு சுனையில் முங்கி எழுந்தேன். தண்ணீர் சில்லென்று எலும்பில் இறங்கியது. பையைப் புதருக்குள் தள்ளச் சொன்னார். ஹால் டிக்கெட் அதில் இருந்தது, விட மாட்டேன் என்றேன். என் பிடிவாதத்தைப் பார்த்துப் பின்னால் நின்றவள் சிரித்துவிட்டாள். பெரியம்மா ஹால் டிக்கெட்டை வாங்கி, அரச இலையில் மடித்து, தன் சும்மாட்டுத் துணிக்குள் வைத்துத் தலையில் அழுத்திக்கொண்டார். இரண்டாவது குடத்தை நிரப்பி என் தலையில் ஏற்றினார்.

"கேட்டா அப்பவே வந்துட்டேன்னு சொல்லு. சொனையாண்ட இருந்தேன்னு சொல்லு. இன்னா?"

தன் குடம் தலைக்கு ஏறியதும் அவர் வாயை மூடிக்கொண்டார். நானும்தான்.

எல்லைக்கல்லில் ஆம்பளைகள் நின்றிருந்தார்கள். நாட்டார் எதிரில் என் அம்மா. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், எங்கள் வரிசையைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள். ஆம்பளைகள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். மூன்றாவதாக நான் போனேன். நீலப் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேராலும் பேச முடியாது. ஒரு முழ தூரத்தில் என் அம்மாவைக் கடந்து போனேன், அவள் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. நாட்டாரும் பார்த்தார். அவராலும் பேச முடியாது.

பந்தலில் குடங்களை இறக்கினோம். பூசாரி ஒவ்வொன்றாக வாங்கி அம்மன்மேல் ஊற்றினார். ஏழாவது குடம் காலியானதும் நாட்டார் பந்தலுக்குள் வந்தார். ஊரே பின்னால் நின்றது.

"எப்ப வந்த?" என்றார் என்னிடம்.

பெரியம்மா என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார். அப்பவே வந்துட்டேன் என்று சொன்னால் முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எனக்கு அந்த ஏற்றம் ஞாபகம் வந்தது. அத்தனையும் ஏறி வந்தது எதற்கு, திருடியைப் போலப் பொய் சொல்வதற்கா? என்னால் முடியவில்லை.

"மணி அடிக்கும்போது சொனையாண்டதான் இருந்தேன். பஸ்ஸு நின்னுபோச்சு. ஏறித்தான் வந்தேன். எல்லைக்குள்ள வந்தது அதுக்கப்புறந்தான்" என்றேன்.

பின்னால் அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்ப கட்டு ஒடஞ்சிப்போச்சு" என்றார் நாட்டார், மெதுவாக.

பெரியம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே பூசாரியைப் பார்த்துப் பேசினார். புருஷன் முகத்தைப் பார்த்து அவர் எப்போதும் பேசியதில்லை. "பூசாரி, அவுர ஒண்ணு கேளு. நாங்க தெனமும் வெளக்கு ஏத்தினப்புறந்தான் கல்லத் தாண்டி சொனைக்குப் போறோம். ஏழு பொம்பளைங்க. அப்பல்லாம் ஒடையாத கட்டு, இவ ஒருத்தி வந்ததுல எப்பிடி ஒடஞ்சிதாம்?"

"அது அம்மன் வேலைக்கு" என்றார் நாட்டார். அவரும் பூசாரியிடம்தான் சொன்னார்.

"இவ எதைத் தூக்கிக்கினு வந்தா? சாராயமா? இன்னிக்கு ஆறு பேருதான் இருந்தோம், ஏழாவது ஆளா அம்மனே அனுப்பிக்கிறா. அந்தத் தண்ணி செல்லாதுன்னா, ஊத்தியாச்சு, வேணும்னா வழிச்சி எடுத்துக்கச் சொல்லு."

அம்மன் சிலையிலிருந்து தண்ணீர் வடிந்து, கால்வாயில் ஓடி, நாட்டார் காலடிவரை வந்துகொண்டிருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உடுக்கைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார், பிறகு அடிக்க ஆரம்பித்தார்.

அந்த மனுஷர் ஏன் அவ்வளவு கறாராக இருந்தார் என்று பெரியம்மா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு திருவிழாவில் கூலி வேலைக்குக் கீழே போன ஒருத்தன் ராத்திரி தங்கிவிட்டானாம். அடுத்த மாதம் ஊரில் அம்மை போட்டது. அவர்களுடைய தலைச்சன் பிள்ளை மூன்று வயசில் அதில் போய்விட்டது. நாட்டார் அந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே பிள்ளையைப் பெற்றவள்தானே என் தலையில் குடத்தை ஏற்றினாள்? அவர் துக்கம் எனக்குப் புரிகிறது. அதற்காக என் பரீட்சையை விட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அன்று வீட்டில் அம்மா என்னை அடிக்கவில்லை, கொஞ்சவும் இல்லை. என் காலில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாக ஊசியால் எடுத்தாள். "ஒரு பொய் சொன்னா கொறஞ்சா போயிடுவ?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு இன்னா பரீட்ச?" என்றாள்.

"வரலாறு."

"படி" என்றாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு, காயாத தாவணியோடும் வெறுங்காலோடும் ரோட்டுக்கு வந்தேன். ராத்திரி எப்படியோ மேலே வந்து சேர்ந்திருந்த பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. நீங்கள் எல்லோரும் உள்ளே தூங்கி வழிந்துகொண்டிருந்தீர்கள். படியருகில் நாட்டார் நின்றிருந்தார். அந்த நேரத்தில் அவருக்கு ரோட்டில் ஒரு வேலையும் கிடையாது. என்னைத் தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பெரியம்மா ராத்திரியே கொண்டுவந்து கொடுத்த ஹால் டிக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராக அவரைப் பார்த்தே நடந்தேன்.

அவர் ஒதுங்கினார். நான் ஏறினேன். கண்டக்டர் விசில் எடுத்து வாயில் வைக்கும்போது நாட்டார் ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

"யோவ், வர்றப்போ வண்டிய பாத்து ஓட்டச் சொல்லு. வெளக்கு ஏத்தறதுக்குள்ள பொண்ணு வூடு வந்து சேரணும்."

கண்டக்டரிடம்தான் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.